சிங்கப்பூர் - மலேசியா பேருந்துப் போக்குவரத்து

சிங்கப்பூர் - மலேசியா பேருந்துப் போக்குவரத்து என்பது சிங்கப்பூர்த் தீவுக்கும் மலேசியத் தீபகற்பத்திற்கும் இடையே, ஜொகூர் நீரிணையைக் கடந்து நடைபெறும் பன்னாட்டுப் பேருந்துச் சேவைகளைக் குறிக்கும். சில கிலோமீட்டர் மட்டுமே ஓடும் நகரப் பேருந்துகளும், கோலாலம்பூர், பினாங்கு, தாய்லாந்தின் ஹாட்யாய் போன்ற ஊர்களுக்கு இரவு முழுவதும் செல்லும் தொலைதூரப் பேருந்துகளும் இதில் அடங்கும். இவை அனைத்தும் ஜொகூர் கடற்பாலம், துவாஸ் இரண்டாம் பாலம் ஆகிய இரண்டு வழிகளில் ஒன்றின் ஊடாகவே செல்ல முடியும். கடற்பாலத்தின் சிங்கப்பூர் முனையில் உள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி உலகின் மிகவும் நெரிசலான தரைவழி எல்லைகளுள் ஒன்று. நாளொன்றுக்குச் சுமார் 3 இலட்சம் பேர் இதனைக் கடக்கின்றனர். இவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகள் அல்லர். ஜொகூரில் உறங்கிச் சிங்கப்பூரில் உழைக்கும் மலேசியத் தொழிலாளர்கள்.

கலைச்சொற்கள்

இவ்வெல்லையில் புழங்கும் தமிழ்ச்சொற்கள் தமிழ்நாட்டு வாசகருக்குச் சற்றுப் புதிதாக இருக்கலாம். நாட்டிற்குள் நுழைபவரின் ஆவணங்களைச் சரிபார்க்கும் துறையை இலங்கைத் தமிழர் குடிவரவு என்றும், சிங்கப்பூர், மலேசியத் தமிழர் குடிநுழைவு என்றும் வழங்குகின்றனர். இக்கட்டுரையில் உள்ளூர் வழக்கான குடிநுழைவு என்பதே பின்பற்றப்படுகிறது. சிங்கப்பூர் டாலர், மலேசிய ரிங்கிட் ஆகிய இரண்டையுமே இங்குள்ள தமிழர் வெள்ளி என்றே அழைப்பதால், பயணச்சீட்டு வாங்கும்போது எந்த வெள்ளி எனக் கேட்டுக்கொள்வது நல்லது.

கடற்பாலம் எனும் பெயரும் ஒரு வகையில் பொருந்தாப் பெயரே. பொறியியல் நோக்கில் இது தூண்களின்மேல் நிற்கும் பாலம் அன்று. நீரிணையில் கல்லைக் கொட்டி எழுப்பிய 1056 மீட்டர் நீளக் கரையாகும்.

வரலாறு

கடற்பாலத்தின் கட்டுமானம் 1919ஆம் ஆண்டு தொடங்கியது. அதற்கு முன் தொடருந்துப் பெட்டிகள் மிதவைகளில் ஏற்றப்பட்டு நீரிணையைக் கடந்தன. 1923 செப்டம்பரில் சரக்குத் தொடருந்துகளும் அக்டோபரில் பயணிகள் தொடருந்துகளும் கரைமீது ஓடத் தொடங்கின. 1924 ஜூன் 28 அன்று முறைப்படி திறப்புவிழா நடைபெற்றது. இரண்டாம் உலகப்போரில், 1942 ஜனவரி 31 அன்று, தீவுக்குப் பின்வாங்கிய பிரித்தானியப் படையினர் ஜப்பானியர் வருகையைத் தடுக்கக் கரையின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தனர். அந்த இடைவெளி ஜப்பானியரை நீண்ட நாள் நிறுத்தவில்லை. இரண்டு வாரங்களில் சிங்கப்பூர் வீழ்ந்தது.

1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது, அதுவரை ஒரே நாட்டின் இரு ஊர்களை இணைத்த சாலை பன்னாட்டு எல்லையானது. எனினும் கடவுச்சீட்டுக் கட்டுப்பாடு உடனே வரவில்லை. 1967இல்தான் நடைமுறைக்கு வந்தது. இரு கரைகளிலும் உறவினர்களைக் கொண்ட குடும்பங்களுக்கு இது பெரும் மாற்றமாகும். முழுமையான கடவுச்சீட்டு இல்லாதோருக்காக, இவ்விரு நாடுகளுக்கிடையே மட்டும் செல்லத்தக்க வரையறுக்கப்பட்ட கடவுச்சீட்டு ஒரு காலத்தில் வழங்கப்பட்டது. இரு நாணயங்களும் சம மதிப்பில் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவையாக 1973 வரை இருந்தன. 1982 ஜனவரி 1 அன்று மலேசியா தன் நாடு முழுமைக்கும் ஒரே நேரத்தை வகுத்தபோது சிங்கப்பூரும் கடிகாரத்தை அரைமணி முன்னகர்த்திக்கொண்டது. ஆகவே இன்று இவ்வெல்லையைக் கடக்கும் பயணி தன் கைக்கடிகாரத்தைத் திருத்த வேண்டியதில்லை.

கடற்பாலத்தின் நெரிசலைக் குறைக்கத் தீவின் மேற்கே 1920 மீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம் கட்டப்பட்டு 1998 ஜனவரி 2 அன்று போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. உட்லண்ட்ஸில் இன்றுள்ள பெரிய சோதனைச்சாவடி வளாகம் 1999இலும், ஜொகூர் பாருவில் உள்ள சுல்தான் இஸ்கண்டார் கட்டடம் 2008 டிசம்பரிலும் பயன்பாட்டிற்கு வந்தன. பின்னது கரையோரத்தில் இல்லாமல் நகருக்குள் சற்றுத் தள்ளி அமைந்ததால், முன்பு எல்லையை எளிதில் நடந்தே கடந்தவர்களும் பேருந்தை நாட நேர்ந்தது. கடற்பாலத்தின் மலேசியப் பாதியை மட்டும் இடித்து வளைந்த உயர்பாலம் ஒன்றை அமைக்க மலேசிய அரசு முயன்றதும், 2006இல் அத்திட்டம் கைவிடப்பட்டதும் அரசியல் வரலாற்றைச் சேர்ந்தவை.

நகரப் பேருந்துகள்

இவற்றுள் பரவலாக அறியப்பட்டது 170ஆம் எண் பேருந்து. இது சிங்கப்பூரின் குவீன் ஸ்திரீட் நிலையத்திலிருந்து புறப்பட்டு, புக்கித் தீமா சாலை வழியாக உட்லண்ட்ஸை அடைந்து, எல்லை கடந்து ஜொகூர் பாருவின் லார்கின் நிலையம் வரை செல்கிறது. குவீன் ஸ்திரீட் நிலையம், தேக்கா எனத் தமிழர் அழைக்கும் லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது. 160, 950 ஆகிய எண்கள் முறையே ஜூரோங், உட்லண்ட்ஸ் பகுதிகளிலிருந்து செல்கின்றன. இவை சாதாரண நகரப் பேருந்துகளே. வழிநெடுகிலும் உள்ள நிறுத்தங்களில் பள்ளி மாணவர்களும் சந்தைக்குச் செல்வோரும் ஏறி இறங்குவர். அதே பேருந்தில் கடவுச்சீட்டுடன் ஒருவர் வேறு நாட்டுக்குச் சென்றுகொண்டிருப்பார்.

இவற்றைத் தவிர, மலேசிய நிறுவனமான காஸ்வே லிங்க் 2003 முதல் இயக்கும் மஞ்சள் நிறப் பேருந்துகளும் சிங்கப்பூர் - ஜொகூர் விரைவுப் பேருந்துகளும் உள்ளன. கிராஞ்சி தொடருந்து நிலையத்திலிருந்து செல்லும் காஸ்வே லிங்க் பேருந்துகள், வழியில் அதிகம் நிற்காமையால் தொழிலாளர்களிடையே விரும்பப்படுகின்றன.

எல்லையைக் கடக்கும் முறை

பேருந்தில் அமர்ந்தபடியே எல்லையைக் கடக்க இயலாது என்பதே முதலில் அறிய வேண்டியது. பயணி இருமுறை இறங்கி இருமுறை ஏற வேண்டும். சிங்கப்பூரிலிருந்து செல்வோர் உட்லண்ட்ஸ் வளாகத்தில் இறங்கி, நகரும் படிக்கட்டில் மேலேறி, சிங்கப்பூர்க் குடிநுழைவில் வெளியேற்றப் பதிவை முடித்து, மறுபுறம் கீழிறங்கித் தங்கள் பேருந்துக்கான வரிசையில் நிற்க வேண்டும். பேருந்து கடற்பாலத்தைக் கடந்து சுல்தான் இஸ்கண்டார் கட்டடத்தில் மீண்டும் அனைவரையும் இறக்கிவிடும். அங்கு மலேசியக் குடிநுழைவும் பைகளை ஊடுகதிர்க் கருவியில் இடும் சுங்கச் சோதனையும் நடைபெறும். ஜொகூர் பாரு நகர மையத்திற்கு மட்டும் செல்வோர் அத்துடன் பேருந்தை மறந்துவிடலாம். கட்டடத்திலிருந்து நடைமேம்பாலம் வழியாகத் தொடருந்து நிலையத்தையும் கடைத்தெருவையும் அடையலாம்.

இங்கு நகரப் பேருந்துக்கும் தொலைதூரப் பேருந்துக்கும் முக்கியமான வேறுபாடு உண்டு. நகரப் பேருந்து யாருக்காகவும் காத்திராது. பயணிகளை இறக்கியதும் சோதனைச்சாவடியின் மறுபுறம் சென்று, அங்கு ஏற்கனவே நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடும். பின்தங்கியவர் அதே நிறுவனத்தின் அடுத்த பேருந்தில் ஏறிக்கொள்ள வேண்டும். எனவே இருக்கையில் எதையும் விட்டுச் செல்லக்கூடாது, பயணச்சீட்டையும் எறிந்துவிடக்கூடாது. வேறு நிறுவனத்தின் பேருந்தில் அச்சீட்டு செல்லாது. முதன்முறை செல்வோர் பலர், இறங்கியவுடன் சீட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு மறுபுறம் மீண்டும் கட்டணம் செலுத்துவது வழக்கமாகக் காணப்படும் காட்சி.

தொலைதூரப் பேருந்தில் இருக்கை எண் ஒதுக்கப்பட்டிருக்கும். அதே பேருந்து பயணிகளுக்காகக் காத்திருக்கும், ஆனால் குறிப்பிட்ட நேரம் மட்டுமே. குடிநுழைவு அதிகாரி ஒருவரை மேல்விசாரணைக்கு அழைத்துச் சென்றால், எஞ்சிய முப்பது நாற்பது பேரைக் காக்க வைக்க ஓட்டுநரால் இயலாது. அப்பயணி வேறு வழி தேடிக்கொள்ள வேண்டியதுதான். இதனால் இறங்கும்முன் பேருந்தின் பதிவெண்ணைக் குறித்துக்கொள்ளுமாறு அனுபவமுள்ளோர் கூறுவர். ஒரே நிறுவனத்தின் ஒரே நிறத்துப் பேருந்துகள் பல வரிசையாக நிற்கும் இரவு நேரத்தில் இது மிகவும் பயன்படும்.

கணினி அறிவியல், செயலாய்வு படிக்கும் மாணவர்களுக்கு இவ்வெல்லை வரிசைக் கோட்பாட்டின் நல்ல எடுத்துக்காட்டு எனலாம். பயணிகள் ஒருவர் பின் ஒருவராக வருவதில்லை. ஒவ்வொரு பேருந்தும் ஒரு கூட்டத்தை ஒரே நேரத்தில் கொட்டுகிறது. அக்கூட்டம் தொடர்ச்சியாக இரண்டு சேவை நிலையங்களைக் கடக்க வேண்டும். இரண்டாவது நிலையத்தில் தாமதம் ஏற்பட்டால் பேருந்துகள் கடற்பாலத்தின்மேல் தேங்கி, முதல் நிலையத்தில் பயணிகளை ஏற்றிச்செல்ல வண்டி இல்லாத நிலை உருவாகும். ஒரு நாடு மட்டும் தன் முகப்புகளைக் கூட்டினால் வரிசை குறையாது, இடம் மாறும்.

கடவுச்சீட்டும் விசாவும்

மலேசியர், சிங்கப்பூரர் ஆகியோருக்குக் கடவுச்சீட்டு போதுமானது. தானியங்கி வாயில்கள் வழியாக அவர்கள் விரைவில் கடந்துவிடுவர். 2024 மார்ச் 19 முதல் உட்லண்ட்ஸ், துவாஸ் சாவடிகளில் காரில் செல்வோர் கடவுச்சீட்டுக்கு மாற்றாகக் கைப்பேசியில் உருவாக்கிய விரைவுத்தகவல் குறியீட்டைக் காட்டும் முறையையும் சிங்கப்பூர் அறிமுகப்படுத்தியது.

மற்ற வெளிநாட்டவர் இரண்டு நாடுகளின் விதிகளையும் தனித்தனியே நிறைவு செய்ய வேண்டும். முன்பு பேருந்திலேயே வெள்ளை அட்டைகளை நிரப்பும் வழக்கம் இருந்தது. போதைப்பொருள் கடத்துவோருக்கு மரணதண்டனை எனச் சிவப்பு எழுத்தில் அச்சிட்ட சிங்கப்பூர் அட்டை பலருக்கு நினைவிருக்கும். 2020 முதல் சிங்கப்பூரிலும், 2024 ஜனவரி முதல் மலேசியாவிலும் இவ்விவரங்களை வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் பதியும் முறை நடைமுறைக்கு வந்தது. இரண்டிற்கும் கட்டணம் இல்லை. மலேசியப் பதிவிலிருந்து சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. சிங்கப்பூர்ப் பதிவிலிருந்து, தரைவழியாகத் திரும்பும் குடிமக்கள், நிரந்தரவாசிகள், நீண்டகால அனுமதி பெற்றோர் ஆகியோருக்கு விலக்கு உண்டு.

இந்தியக் கடவுச்சீட்டு உடையோருக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசாவின்றி நுழைய இசைவளித்தது. இச்சலுகை பின்னர் 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. அதற்கு முன், சிங்கப்பூரில் பணிபுரிந்த இந்தியர் ஒருவர் தன் வீட்டு மாடியிலிருந்து தெரியும் ஜொகூர் பாருவுக்குச் சென்று வரவும் விசா பெற வேண்டியிருந்தது.

சிங்கப்பூருக்குச் சுற்றுலா வந்து ஒருநாள் மலேசியாவைப் பார்த்துவிட்டு வரலாம் என எண்ணுவோர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கடற்பாலத்தைக் கடந்த கணமே அவர் சிங்கப்பூரை விட்டு வெளியேறியவராகிறார். அவரது சிங்கப்பூர் விசா ஒருமுறை நுழைவதற்கு மட்டும் உரியதாயின், அது முடிந்துவிட்டது. திரும்பி வர விசா இராது. விடுதி அறையில் பெட்டியும், மறுநாள் சாங்கி விமான நிலையத்திலிருந்து ஊருக்குச் செல்லப் பயணச்சீட்டும் இருந்தாலும் விதி மாறாது. மலேசிய முகப்பில் முத்திரை குத்தும் அதிகாரி இதனை எச்சரிக்கக் கடமைப்பட்டவர் அல்லர். அது அவருடைய நாட்டின் விசா அன்று.

சுங்கம்

திரும்பும் வழியில் சிங்கப்பூர்ச் சுங்கம் கண்டிப்பானது. சிகரெட்டுக்கு வரிவிலக்கு எதுவும் இல்லை. ஒரு சிகரெட்டையும் அறிவித்தே கொண்டுவர வேண்டும். மலேசியாவிலிருந்து வருவோருக்கு மதுவிலும் வரிவிலக்கு கிடையாது. மெல்லும் பசை இறக்குமதிக்கு 1992 முதல் தடை உள்ளது. வாங்கிய பொருள்களுக்கான விற்பனை வரிச் சலுகையின் அளவு 48 மணிநேரத்திற்கு மேல் வெளிநாட்டில் இருந்தவருக்கும் மற்றவருக்கும் வேறுபடும்.

நெரிசல்

வார நாள்களில் விடியலுக்கு முன்பே ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் நோக்கியும், மாலையில் எதிர்த்திசையிலும் கூட்டம் பெருகும். வெள்ளி மாலை, பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி ஆகிய காலங்களில் எல்லையைக் கடக்கப் பல மணிநேரம் ஆவதுண்டு. அப்போது பயணிகள் பேருந்தை விட்டிறங்கிக் கடற்பாலத்தின் ஓரமாக நடந்து செல்வதைக் காணலாம். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கரையை நடந்து கடக்கக் கால்மணி நேரம் போதும் என்பதால் இது மூடத்தனம் அன்று.

2014 ஆகஸ்ட் 1 அன்று ஜொகூர்ப் பகுதியில் புதிய சுங்கச்சாலைக் கட்டணம் நடைமுறைக்கு வந்தபோது, பேருந்து ஓட்டுநர்கள் அதனை எதிர்த்துப் பேருந்துகளை இயக்க மறுத்தனர். வேலைக்குச் செல்லும் ஆயிரக்கணக்கானோர் கடற்பாலத்தை நடந்தே கடந்தனர். அதே ஆண்டில் சிங்கப்பூரும் தன் கட்டணத்தை உயர்த்தியது. இக்கட்டணப் போட்டியில் எந்த அரசு வென்றது என்பதைவிட, பாதிக்கப்பட்டோர் யார் என்பது தெளிவு.

2020 - 2022 எல்லை மூடல்

கோவிட்-19 பெருந்தொற்றின்போது, மலேசிய அரசு 2020 மார்ச் 16 இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தது. அது மார்ச் 18 முதல் நடப்புக்கு வரும் எனக் கூறப்பட்டது. இலட்சக்கணக்கான தொழிலாளர்களுக்குக் கிடைத்தது ஒரே நாள். சிங்கப்பூரில் தங்கி வேலையைக் காப்பதா, ஜொகூரில் தங்கிக் குடும்பத்துடன் இருப்பதா என்பதை மார்ச் 17 அன்றே அவர்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அன்று பைகளுடனும் படுக்கை விரிப்புகளுடனும் கடற்பாலத்தில் பெருங்கூட்டம் சிங்கப்பூர் நோக்கிச் சென்றது. சில வாரங்கள் என எண்ணிச் சென்றோரில் பலர் ஏறத்தாழ இரண்டாண்டுகள் திரும்ப இயலவில்லை. கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருந்துகொண்டே பிள்ளைகளைக் கைப்பேசித் திரையில் மட்டும் கண்ட பெற்றோர் இவர்களில் உண்டு.

2020 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிய ஒரு திட்டத்தின்படி, வேலை செய்யும் நாட்டில் குறைந்தது 90 நாள் தங்கிய பின்னரே ஒருவர் விடுப்பில் ஊர் செல்லலாம். 2021 நவம்பர் 29 அன்று, தடுப்பூசி போட்டோருக்கான தரைவழிப் பயணத்தடம் திறக்கப்பட்டது. குறிப்பிடத்தக்கது யாதெனில், எல்லை மீண்டும் திறந்தபோது முதலில் அனுமதிக்கப்பட்ட வாகனம் காரோ மோட்டார்சைக்கிளோ அன்று, பேருந்தே. இரண்டு நிறுவனங்களின் பேருந்துகள் மட்டும், ஒவ்வொரு திசையிலும் நாளுக்கு 1440 பயணிகள் என்ற வரம்புடன் இயங்கின. பெருந்தொற்றுக்கு முன் இதே எல்லையை நாள்தோறும் கடந்தோரின் எண்ணிக்கையுடன் ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. சீட்டுகள் விரைவில் விற்றுத் தீர்ந்தன. தடம் திறந்த நாளில் இரு நாட்டுப் பிரதமர்களான லீ சியன் லூங், இஸ்மாயில் சப்ரி யாக்கோப் ஆகியோர் நேரில் வந்திருந்தனர். 2022 ஏப்ரல் 1 அன்று எல்லை முழுமையாகத் திறந்தது. 170 உள்ளிட்ட நகரப் பேருந்துகள் அதே ஆண்டு மே மாதத்தில் திரும்பின.

தொலைதூரப் பேருந்துகள்

சிங்கப்பூர் - கோலாலம்பூர்த் தொலைவு சுமார் 350 கி.மீ. 1994இல் வடக்கு - தெற்கு விரைவுச்சாலை முழுமையடைந்த பின் இப்பயணம் எல்லை நெரிசல் இல்லாத நாளில் ஐந்து முதல் ஆறு மணிநேரத்தில் முடிகிறது. பேருந்துகள் வழியில் யோங் பெங் போன்ற இடங்களில் உணவுக்காக நிற்கும். பல பத்தாண்டுகள் இப்பேருந்துகளின் முக்கியப் புறப்பாட்டு இடமாக இருந்தது, கடற்கரைச் சாலையில் 1973இல் எழுந்த கோல்டன் மைல் வளாகமாகும். தாய்லாந்து உணவகங்களும் பயணமுகவர் கடைகளும் நிறைந்த அவ்வளாகம் 2022இல் விற்கப்பட்டு, 2023 மே மாதத்திற்குள் கடைக்காரர்கள் வெளியேறினர். கோலாலம்பூரில் 1976 முதல் இயங்கிய புடுராயா நிலையத்தின் தென்திசைச் சேவைகள் 2011இல் பண்டார் தாசேக் செலாத்தானில் உள்ள ஒருங்கிணைந்த தெற்கு நிலையத்திற்கு மாற்றப்பட்டன.

சீட்டு விலையில் ஒரு விந்தை உண்டு. போகும்போது சிங்கப்பூர் வெள்ளியில் கேட்கப்படும் எண்ணும் திரும்பும்போது மலேசிய வெள்ளியில் கேட்கப்படும் எண்ணும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கும். இரு நாணயங்களும் சமமாக இருந்த காலம் சீட்டில் மட்டும் எஞ்சியுள்ளது போலும். எனவே திரும்பும் சீட்டை மலேசியாவில் வாங்குவது மலிவு. செலவைக் குறைக்க விரும்புவோர் நகரப் பேருந்தில் எல்லையைக் கடந்து, லார்கினில் உள்நாட்டுப் பேருந்தில் ஏறுவதும் இதனாலேயே.

இரவுப் பயணத்தில் பாதுகாப்பும் எண்ணத்தக்கது. 2016 டிசம்பர் 24 அன்று ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் சென்ற பேருந்து பாகோ அருகே விரைவுச்சாலையிலிருந்து விலகிக் கவிழ்ந்ததில் 14 பேர் உயிரிழந்தனர். மலேசிய விரைவுச்சாலைகளில் பேருந்துகளுக்கான வேக வரம்பு மணிக்கு 90 கி.மீ. ஆகும். இருக்கைவார் இருந்தால் அதனை அணிந்துகொண்டு உறங்குவதே அறிவுடைமை.

தொடருந்துத் திட்டங்கள்

2011 ஜூலை 1 முதல் மலேசியத் தொடருந்துகள் தஞ்சோங் பகார் வரை வராமல் உட்லண்ட்ஸிலேயே நின்றன. இது பேருந்தின் பங்கை மேலும் கூட்டியது. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2016இல் ஒப்பந்தமான அதிவேகத் தொடருந்துத் திட்டம் 2021 ஜனவரி 1 அன்று கைவிடப்பட்டது. உட்லண்ட்ஸ் வடக்கையும் ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் இணைக்கும் 4 கி.மீ. நீள விரைவுத் தொடருந்துப் பாதை, மணிக்கு ஒரு திசையில் 10,000 பயணிகளை ஏற்றிச் செல்லுமாறு வடிவமைக்கப்பட்டது. இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளும் ஏறும் நிலையத்திலேயே முடிந்துவிடும் என்பது இதன் சிறப்பு. பேருந்துப் பயணியைப் போல இருமுறை இறங்கி ஏற வேண்டியதில்லை. ஆயினும் குவீன் ஸ்திரீட்டிலிருந்தோ ஜூரோங்கிலிருந்தோ நேராகச் செல்ல விரும்புவோருக்கும், பெட்டி படுக்கையுடன் மலாக்காவுக்கும் ஈப்போவுக்கும் செல்வோருக்கும் இப்பாதை மாற்றாகாது.